கண்ணாடி முன்னே, ஈட்டி பின்னே

மீனை ஈட்டியால் எறிந்து பிடிப்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. சங்கப் பாடல்களில் பரதவர் கையில் இருக்கும் எறியுளியை நாம் அறிவோம். ஆயினும் அந்த எறியுளி திமிலின்மேல் நின்று வீசப்படுவது. எறிபவன் காற்றின் உலகில் நிற்கிறான். மீன் நீரின் உலகில் திரிகிறது. இக்கட்டுரையில் நாம் பேசப்போவது வேறொரு வேட்டையைப் பற்றி. மூச்சை அடக்கி நீருக்குள் இறங்கி, மீனை அதன் வீட்டிலேயே சந்தித்து, ஈட்டியால் குத்தும் வேட்டை அது. பசிபிக் தீவுகளில் இது நெடுங்கால வழக்கம். ஆனால் இன்று உலகெங்கும் விளையாட்டாகப் பயிலப்படும் வடிவத்தை அது பெற்றது 1930களில், பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில்.

இவ்வேட்டையைப் பழக விரும்பும் புதியவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தத் துப்பாக்கி நல்லது? இதற்கு விற்பனையாளர் சொல்லும் விடை எதுவாயினும், வரலாறு சொல்லும் விடை வேறு. கருவிகள் எந்த வரிசையில், எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தன என்று பார்த்தால், எதை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். அந்த வரிசையில் துப்பாக்கிக்குக் கிடைக்கும் இடம் மிகவும் பின்னால்தான்.

கண்

கை கில்பாட்ரிக் ஓர் அமெரிக்கர். இளவயதிலேயே விமானியானவர், பின்னர் கப்பல் பொறியாளர் கிளென்கானன் என்ற பாத்திரத்தைப் படைத்துப் பத்திரிகைக் கதைகளால் புகழடைந்தவர். தெற்குப் பிரான்சில் ஆன்டிப் நகரில் வாழ்ந்த காலத்தில், தம்முடைய பழைய விமானக் கண்ணாடியின் துளைகளை மக்கு வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசி, அதை அணிந்துகொண்டு கடலில் இறங்கினார். நீருக்கடியில் உலகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த அனுபவங்களை 1938இல் நூலாக்கியபோது, ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலின் பெயரைச் சற்றே திருப்பி, 'முழுமையான கண்ணாடிக்காரன்' என்ற பொருள்பட ஒரு பெயரை அதற்கு இட்டார். ஈட்டிக்காரன் என்றோ வேடன் என்றோ அவர் தம்மை அழைத்துக்கொள்ளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருடைய கையில் இருந்தது ஓர் எளிய கைஈட்டி. புதுமை கண்ணில் இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. நமது விழிவெண்படலம் ஒளியை வளைத்துக் குவிப்பது காற்றில்தான். நீர் நேரடியாகக் கண்ணைத் தொட்டால் அந்த வளைக்கும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. கண்ணுக்கு முன்னால் சிறிது காற்றைச் சிறைப்படுத்தினால் பார்வை திரும்புகிறது. ஆனால் இருகண் கண்ணாடியில் இரண்டு குறைகள் இருந்தன. இரண்டு வில்லைகளும் ஒரே தளத்தில் அமையாவிட்டால் ஒரு மீன் இரண்டாகத் தெரியும். மற்றொன்று இன்னும் கடுமையானது. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்றை ஈடுசெய்ய வழியில்லாததால், அது கண்ணைச் சுற்றியுள்ள தசையை உறிஞ்சத் தொடங்கும். சப்பானின் மூழ்குநர்கள் கண்ணாடியோடு சிறு காற்றுப் பைகளை இணைத்து இதைச் சமாளித்தனர்.

1930களின் இறுதியில் ஒரே கண்ணாடித் தகட்டின் பின்னால் இரு கண்களோடு மூக்கையும் அடக்கிய முகமூடி பரவியது. மூக்கு உள்ளே வந்ததும் இரண்டு குறைகளும் ஒருசேரத் தீர்ந்தன. ஆழம் கூடும்போது மூக்கின் வழியே சிறிது காற்றை விட்டால் போதும், உள்ளழுத்தம் சமனாகிவிடும். இன்றைய முகமூடிகள் அந்தக் கருத்தின் பிள்ளைகளே.

ஆகவே புதியவர் முதலில் செலவழிக்க வேண்டியது முகமூடிக்கு. விலையை வைத்து அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. முகத்தை வைத்துத்தான் முடியும். வாரை மாட்டாமல் முகத்தில் பொருத்தி, மூக்கால் இலேசாக மூச்சை இழுத்துக் கையை எடுத்தால், அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே காற்றுக்கொள்ளளவு குறைந்ததாகவும் இருக்க வேண்டும். மூச்சடக்கி இறங்குபவருக்கு அழுத்தத்தைச் சமன்செய்ய ஒவ்வொரு துளிக் காற்றும் விலையுள்ளது. நீச்சல்குளத்தில் அணியும் இருகண் கண்ணாடியைக் கொண்டு ஆழத்துக்கு இறங்கலாகாது. மேற்பரப்பில் முகம் கவிழ்த்து மிதப்பதற்கு ஸ்நார்கல் எனும் மூச்சுக் குழாய் வளைந்த எளிய குழாயாக இருந்தாலே போதும். முகமூடி வழியே பார்க்கும்போது பொருள்கள் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தோன்றும் என்பதையும் புதியவர் மனத்தில் கொள்ள வேண்டும். கைக்கெட்டும் தொலைவில் நிற்பதாகத் தோன்றும் மீனைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

காலும் உடலும்

லூயி த கோர்லியூ பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாக இருந்தவர். காலில் அணியும் ரப்பர் துடுப்புக்கு 1933இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான ஓவன் சர்ச்சில் இவரிடம் உரிமம் பெற்று அதைத் தம் நாட்டில் தயாரித்தார். இவர் 1932 லாசு ஏஞ்சலசு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர்; பெயர் ஒத்திருப்பினும் பிரிட்டிசுப் பிரதமரோடு இவருக்குத் தொடர்பில்லை. இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் தவளை மனிதர்கள் அணிந்தவை இவருடைய துடுப்புகள். போர் முடிந்தபின் அவை பொதுமக்களின் கடற்கரைக்கு வந்தன.

துடுப்பு தந்தது வேகம் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது தந்த பெருங்கொடை சிக்கனம். கைகள் ஓய்ந்திருக்க, கால்களின் பெரிய தசைகள் மெதுவாக அசைந்து உடலைச் செலுத்தினால், செலவாகும் உயிர்வளி குறைகிறது, மூச்சு நீள்கிறது. நீண்ட தகடு கொண்ட துடுப்புகள் வேட்டைக்கு உகந்தவை என்பது இதனால்தான். ஆனால் தொடக்கத்திலேயே விறைப்பான தகட்டை வாங்குபவர் கால் பிடித்துக்கொண்டு கரையில் அமர நேரும். மென்மையான பிளாசுடிக் தகடும், காலுக்குச் சரியாகப் பொருந்தும் பாதப் பகுதியும் முதல் ஆண்டுகளுக்குப் போதும்.

அடுத்து வந்த எதிரி குளிர். நீர் நம் உடற்சூட்டைக் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்ளும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1952இல் நியோப்ரீன் உடையை உருவாக்கினார். மார்செய் நகரின் ஜார்ஜ் பெஷா 1953இல் தம் ரப்பர் உடையைக் கொணர்ந்தார். இந்த உடை ஒரு சிக்கலைத் தீர்த்து மற்றொன்றைத் தந்தது. அதிலுள்ள நுண்குமிழிகள் உடலை மிதக்கச் செய்வதால் இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்ட வேண்டியதாயிற்று. ஆழத்தில் அதே குமிழிகள் நசுங்கிவிடுவதால் மேற்பரப்பில் சரியாக இருந்த ஈயம் அடியில் பாரமாகிறது. ஆகவே மூச்சை வெளியே விட்ட நிலையிலும் மேற்பரப்பில் தலை மிதக்கும் அளவுக்கு மட்டுமே ஈயம் கட்ட வேண்டும். இடைவாரை ஒரே கையால், ஒரே இழுப்பில் அவிழ்க்க முடிய வேண்டும்.

ஈட்டி

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். கில்பாட்ரிக்கின் தலைமுறை கைஈட்டியோடு இறங்கியது. 1930களின் பிற்பகுதியில் ரிவியேராக் கரையில் சுருள்வில் துப்பாக்கிகள் தோன்றின. அவை ஆற்றல் மிக்கவை; ஆனால் ஓசையும் மிக்கவை, உப்புநீரில் துருப்பிடிப்பவை. 1947இல் பெஷா 'டார்சான்' என்ற பெயரில் ரப்பர்ப் பட்டையால் இயங்கும் துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் அழுத்தக் காற்றால் இயங்கும் துப்பாக்கிகளும் பெருகின. இருந்தும் ரப்பர் இன்றுவரை தன் இடத்தை இழக்கவில்லை. அதன் பழுது கண்ணுக்குத் தெரியும். வெடித்த பட்டையைக் கத்தியால் வெட்டியெறிந்து புதியதைக் கட்டிக்கொள்ளலாம். காற்றுத் துப்பாக்கியின் பழுது உள்ளே ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் 1933இல் தோன்றிய 'அடிச்சுரண்டிகள்' என்ற குழுவையும் இங்கே நினைக்க வேண்டும். கடையில் எதுவும் கிடைக்காத அக்காலத்தில் அதன் உறுப்பினர்களான ஜாக் புரொடனோவிச்சும் வாலி பாட்சும் தம் கருவிகளைத் தாமே செய்துகொண்டனர். அக்குழுவில் சேர விரும்புபவருக்கு வைக்கப்பட்ட தேர்வில் துப்பாக்கியே இல்லை. ஒரே மூச்சில் சுமார் ஒன்பது மீட்டர் இறங்கி மூன்று அபலோனிச் சிப்பிகளைக் கொணர வேண்டும். வெறுங்கையால் கொம்புச் சுறாவை வாலைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். நீரில் இருக்கத் தெரிந்தவனுக்கே ஆயுதம் என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு இன்றும் செல்லும். எழுபத்தைந்து சென்டிமீட்டர் அளவிலான குழல், ஒற்றை ரப்பர்ப் பட்டை, துப்பாக்கியோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட எஃகு ஈட்டி ஆகியவை புதியவருக்குப் போதுமானவை. நீளமான துப்பாக்கி தொலைவுக்கு எறியும். ஆனால் பாறையிடுக்கில் திரும்பாது, கலங்கிய நீரில் பயன்படாது, நாணேற்றத் தோள்வலிமை கேட்கும். எந்தத் துப்பாக்கியானாலும் நீருக்கு வெளியே அதை நாணேற்றக் கூடாது.

கருவிகள் கேட்ட விலை

கருவிகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, கடல் கொடுத்த விலையும் கூடியது. 1936இல் தூலோனுக்கு அருகே லெ முரியோன் கரையில், கண்ணாடி அணிந்து முதன்முறை நீருக்குள் பார்த்தவர் ழாக் கூஸ்தோ. அவருடைய நண்பர் ஃபிரெடெரிக் தியூமா தேர்ந்த வேடர். 1939 கோடையில் லெ புருசுக் என்ற இடத்தில், இரண்டு மணி நேரத்தில் நூறு கிலோ மீன் பிடிப்பதாகத் தியூமா பந்தயம் கட்டினாராம். ஐந்தே முறை மூழ்கி, நான்கு களவாக்களையும் ஒரு பெரும் பாரை இன மீனையும் கொண்டுவந்தார். மொத்தம் ஏறக்குறைய 127 கிலோ. இது கூஸ்தோ 1953இல் வெளியிட்ட 'மௌன உலகம்' நூலில் வரும் செய்தி. காற்றுருளையோ நவீன உடையோ இல்லாத காலத்திலேயே இது நடந்தது என்பதை நினைத்தால், அக்கடலின் வளமும் அதற்கு நேரவிருந்ததும் ஒருசேரத் தெரிகின்றன.

மத்தியதரைக் கடலின் பழுப்புக் களவா மெதுவாக வளர்வது. ஒரே குகையை வீடாகக் கொள்வது. மனிதரைக் கண்டால் ஓடாமல் நின்று பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பெண்ணாகவே முதிர்ச்சியடைந்து, பல ஆண்டுகள் கழித்துப் பேருருவம் பெற்றபின்னரே ஆணாக மாறுகிறது. பெரிய மீனையே தேடும் வேடன் தான் அறியாமலே அந்த இனத்தின் ஆண்களைத் தேடித் தேடிக் கொன்றான். சில பத்தாண்டுகளில் பிரெஞ்சுக் கரையின் ஆழங்குறைந்த பாறைகளில் களவா அரிதாயிற்று. 1963இல் போர்-க்ரோ தீவு தேசியப் பூங்காவாயிற்று. அங்கே ஈட்டி வேட்டை விலக்கப்பட்டபின் களவாக்கள் மெல்லத் திரும்பின. 1993இல் பிரான்சு தன் மத்தியதரைக் கரையில் களவாவை நீருக்கடியில் வேட்டையாடுவதையே நிறுத்திவைத்தது. காற்றுருளையோடு வேட்டையாடுவதைப் பிரான்சு, இத்தாலி உள்ளிட்ட பல நாடுகள் தடைசெய்துள்ளன. மூச்சு ஒன்றுதான் மீனுக்கும் வேடனுக்கும் இடையே எஞ்சியிருக்கும் நியாயம் என்று சட்டம் கருதுகிறது எனலாம்.

வேடர்களில் சிலர் சட்டத்துக்கு முன்பே திரும்பினர். 1937இல் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு ரிவியேராவுக்கு வந்த வியன்னா இளைஞர் ஹான்ஸ் ஹாஸ், ஆன்டிப் முனையில் கில்பாட்ரிக்கைச் சந்தித்து இவ்வேட்டையைக் கற்றார். 1939இல் அவர் எழுதிய முதல் நூலின் தலைப்பிலேயே ஈட்டியும் ஒளிப்படக் கருவியும் அருகருகே நின்றன. அதன்பின் அவர் வாழ்நாளில் பெரிதும் மிஞ்சியது ஒளிப்படக் கருவிதான். கூஸ்தோவும் 1942இல் தியூமாவின் வேட்டையைப் படமெடுத்துத் தொடங்கியவர்; அவருடைய பாதையும் அங்கேயே திரும்பியது. கண்ணாடியால் தொடங்கிய கதை கண்ணாடிக்கே மீண்டது.

பட்டியலின் கடைசிப் பொருள்

புதியவரின் பட்டியலில் இன்னும் சில பொருள்கள் மீதமுள்ளன. பெஷா 1948இல் மேற்பரப்பு மிதவையை அறிமுகப்படுத்தினார். படகுகள் விலகிச் செல்லவும், மேலே இருப்பவர் நம் இடத்தை அறியவும் கொடியுள்ள மிதவை வேண்டும். கயிறு சுற்றிக்கொண்டால் அறுக்கச் சிறு கத்தி வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது எந்தக் கடையிலும் கிடைக்காது. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுபவர் உயிர்வளியைக் கூட்டிக்கொள்வதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் கரியமில வாயுவைத்தான் குறைக்கிறார். மூச்சுவிடத் தூண்டும் உணர்வை எழுப்புவது அந்த வாயுவே. அபாயமணி அடங்கிவிடுவதால் அவர் கீழே அதிகநேரம் தங்குகிறார். மேலேறும்போது அழுத்தம் குறைய, நுரையீரலில் எஞ்சிய உயிர்வளியின் அழுத்தமும் சட்டென விழுகிறது. மேற்பரப்பை எட்டும் தறுவாயில் நினைவு தப்புகிறது. வலியோ முன்னறிவிப்போ இல்லாமல் இது நிகழும். தேர்ந்த வேடர்களையும் இது விட்டுவைப்பதில்லை. இதற்கு எதிரான ஒரே கருவி, ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று பார்த்திருக்கும் துணைதான்.

முகமூடி, துடுப்பு, உடை, ஈயம், மிதவை, கத்தி என்று சேர்த்து, நம்பத்தக்க துணையொருவரோடு ஒரு பருவம் முழுவதும் வெறுங்கையோடு கடலைப் பார்த்துவிட்டு, அதன்பின் புதியவர் துப்பாக்கிக் கடைக்குப் போகட்டும். எந்த மீனை எறியலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அப்போது அவர் கண் அறிந்திருக்கும். அதற்குப் பிறகும் அவருக்குத் துப்பாக்கி வேண்டியிருந்தால், அதை நன்றாகவே தேர்ந்தெடுப்பார் என்பது நம் நம்பிக்கை.