பாடு முறையும் கல்லூரித் தரவரிசையும்

சோழமண்டலக் கரையில் டச்சுக் கும்பெனியார் நடத்திய பண்டகசாலைகளுள் முதல் ஸ்தானம் ஒரு காலத்தில் பழவேற்காட்டுக்கே உரியதாயிருந்தது. 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டையிலிருந்து, உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்ற காலம் அது. 1690-இல் தலைமைக் காரியாலயம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டபோது அந்த ஸ்தானம் பறிபோயிற்று. 1825-இல் ஊரே ஆங்கிலேயர் வசமாயிற்று. வியாபாரிகள் கொடுத்த முதலிடம் இப்படி வந்து போயிற்று. ஆனால் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவக் கிராமங்கள் சூழ்ந்த அந்த ஏரியில் வலை விரித்தோர், முதலிடம் கடையிடம் என்ற பேதத்தைத் தமக்குள் எவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள் என்ற வரலாறு, கோட்டையின் சரித்திரத்தைவிட நமக்கு இன்று அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

ஏரி முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. கடல்நீர் உட்புகும் முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் நீரோட்டத்தோடு இறால் மிகுதியாக வரும். உள்ளே செல்லச் செல்ல வரத்துக் குறையும். எந்த இடம் உத்தமம், எது மத்திமம், எது அதமம் என்பதை அங்கே சிறு பிள்ளையும் அறியும். இவ்வளவு துல்லியமான தரவரிசையைக் கையில் வைத்திருந்தும், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் நல்ல இடத்தை எந்தக் குடும்பத்துக்கும் நிரந்தரமாக உரிமையாக்கவில்லை. பாடு என்று அவர்கள் வழங்கும் சம்பிரதாயப்படி, சீட்டுப் போட்டு இடம் ஒதுக்கி, முறைவைத்து மாற்றிக்கொண்டார்கள்; இன்று வளமான துறையில் சுத்துவலை கட்டியவன், தன் முறை முடிந்தபின் வரத்துக் குறைந்த துறைக்குப் போயாக வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலை மீனவரிடமும் சீட்டுப் போட்டு இடம் பகிரும் வழக்கம் உண்டு.

இந்த முறையைக் குறையற்றதென்று நான் புகழப் போவதில்லை. குறிப்பிட்ட ஜாதியின் ஆண்களுக்கே அதில் பங்கு. பெண்களுக்கில்லை, ஏரிக்கரையில் வாழும் பிற சமூகத்தாருக்குமில்லை. இறாலுக்கு அயல்நாட்டுச் சந்தையில் விலை ஏறியபின், விலக்கப்பட்டோர் தமக்கும் பங்கு கேட்டார்கள், சச்சரவுகள் எழுந்தன. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கிடையில், வளமான இடம் ஒருவனை மேலும் மேலும் வளப்படுத்தாதபடி அது தடுத்தது.

கல்லூரித் தரவரிசை இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 1983-இல் கல்லூரிகளை வரிசைப்படுத்தி வெளியிட்டது. 1988-இல் மற்றொரு பத்திரிகை வியாபார நிர்வாகப் பள்ளிகளை அவ்வாறு நிறுத்தியது. நம் மத்திய சர்க்கார் 2015-இல் ஒரு திட்டம் வகுத்து, 2016-இல் முதல் பட்டியலை வெளியிட்டது. 2019 முதல் சென்னை ஐ.ஐ.டி. அதன் ஒட்டுமொத்தப் பிரிவில் முதலிடம் வகிக்கிறது. பட்டியலில் உயர்ந்த கல்லூரியைக் கெட்டிக்கார மாணவர்கள் நாடுகிறார்கள். அவர்களைத் தேடிப் பெரிய கம்பெனிகள் வருகின்றன. அதனால் கீர்த்தி வளர்கிறது. அந்தக் கீர்த்தியே அடுத்த ஆண்டு மதிப்பெண்ணாகத் திரும்பி வருகிறது. நிர்வாகப் படிப்பில் இதன் பலம் மிக அதிகம். ஏனெனில், அங்கே மாணவன் பெறும் லாபத்தில் பெரும்பகுதி வகுப்பறையில் கிடைப்பதன்று. உடன் பயில்வோரின் பரிச்சயமும் வேலைக்கு எடுப்போரின் நம்பிக்கையுமே அது. ஆகையால், நிர்வாகப் பள்ளிகளைப் பொறுத்தவரை தரவரிசை வெறும் பிரமை என்று சொல்வது உண்மையாகாது.

எனினும் அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டாமா? சர்க்கார் வகுத்த 100 மதிப்பெண்ணில், நிர்வாகப் பள்ளிகளுக்குப் போதனை வசதிகளுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, மாணவர் தேர்ச்சிக்கும் அதன் பயனுக்கும் 20, பல தரப்பாரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, வெளியார் கொண்ட அபிப்பிராயத்துக்கு 10. சேர்த்துக்கொள்ளும் அந்தப் பத்தும் வெளிமாநிலத்தார், பெண்கள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியோர், உடற்குறையுடையோர் என நான்காகப் பிரிகிறது. பின்தங்கியோருக்குரிய பங்கு அதில் ஐந்தில் ஒன்று. அதாவது, ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு கல்லூரி அந்தக் காரணத்துக்காகப் பெறக்கூடியது நூற்றுக்கு இரண்டு. ஊரார் வாயில் நல்ல பெயர் எடுத்ததற்குப் பெறக்கூடியதோ பத்து! இந்தக் கணக்கை வகுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இது நியாயமான கணக்கென்று ஒப்ப என்னால் இயலவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் பெண்ணுக்கு, பட்டியலின் பத்தாமிடத்துக்கும் ஐம்பதாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பொருட்டன்று. பொன்னேரிக்குப் பஸ் வேளையில் வருமா, அரசுக் கல்லூரியில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, மீன்பாடு இல்லாத மாதங்களிலும் படிப்புச் செலவைத் தாங்க முடியுமா என்பவையே அவள் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்லும் பத்தி எதுவும் இன்றுவரை வெளியான பட்டியல்களில் இல்லை. அடுத்த பட்டியலை வகுப்போர் முதலில் சேர்க்க வேண்டியது அதைத்தான்.