துடைத்தழித்த கோடுகள் பலகையான கதை

ஃபிரீமேசன் என்ற சகோதரச் சபையின் கிளையான லாட்ஜில் புதிதாகச் சேருகிறவருக்கு ஒரு வண்ணப் பலகையைக் காட்டி விளக்கம் சொல்வார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தளம், மூன்று தூண்கள், வேதப் புத்தகத்தின் மேலிருந்து வானத்துக்கு ஏறும் ஏணி, சூரியன், நிலா, இரண்டு கற்கள். 'டிரேசிங் போர்டு' என்கிற இந்தப் பலகை பிறந்தது லண்டன் மதுக்கடைகளின் தரையில்.

பெயர் மட்டும் அதைவிடப் பழைய தொழிலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் யார்க் தேவாலயத்தில், கல்தச்சர்கள் ஜன்னல் வளைவுகளை முழு அளவில் கீறிப் பார்த்த சாந்துத் தளம் இன்றும் இருக்கிறது. கோடு சரியாக விழுந்த பிறகுதான் கல்லில் உளி வைப்பார்கள்.

1717 ஜூன் 24 அன்று நான்கு லாட்ஜ்கள் செயின்ட் பால் தேவாலயத்தை ஒட்டிய ஒரு மதுக்கடையில் கூடி தங்களுக்குத் தலைமையான முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது சபையின் மரபு. கல்தச்சர் பெயரைத் தாங்கிய சபை என்றாலும், அதற்குள் உறுப்பினர்களில் பலர் உளியே பிடித்தறியாத கனவான்கள். மூலைமட்டமும் கவராயமும் தூக்குக்குண்டும் அவர்களுக்கு ஒழுக்கத்தின் குறிகளாகிவிட்டன.

சொந்தக் கட்டடம் இல்லாததால் மதுக்கடையின் மாடி அறைதான் லாட்ஜ். சடங்கு நாளில் சுண்ணக்கட்டியாலும் கரியாலும் தரையில் படம் வரைவார்கள். முடிந்ததும் அந்நியர் கண்ணில் படாமல் அழித்தாக வேண்டும். எவ்வளவு பெரிய மனிதரானாலும், அன்று சேர்ந்தவரே வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக இறங்கித் துடைக்க வேண்டும் என்று அந்த நூற்றாண்டில் சபை ரகசியத்தை அம்பலப்படுத்திய சிறுநூல்கள் சொல்கின்றன.

தரையை நனைப்பது தொல்லை என்று சிலர் நாடாவையும் சிறு ஆணிகளையும் வைத்து உருவம் அமைத்தார்கள். பிறகு வரைந்த துணி வந்தது, விரிக்கலாம், சுருட்டலாம். துணி மிதிபட்டு நைந்துபோக, பலகை வந்தது. 1813இல் முதல் கிராண்ட் லாட்ஜும் பின்னர் எழுந்த மற்றொன்றும் ஒன்றான பின் சடங்குகள் ஒரு சீருக்கு வந்தன. 1845இல் லண்டனின் எமுலேஷன் லாட்ஜ் நடத்திய போட்டியில் ஜான் ஹாரிஸின் வடிவங்கள் தேர்வாகின. பழைய நூல்களில் காணாமல்போன பக்கங்களை அச்சு அசலாகக் கையால் வரைந்து தருவதில் பேர்போனவர் அவர்.

படம் நிலைத்தது, பொருளையும் அப்படி ஆணியடித்துவிட முடியவில்லை. மனப்பாடமாக ஒப்பிக்கும் விளக்கம் உண்டுதான். கரடுமுரடான கல் பக்குவப்படாத மனிதன், இழைத்த கல் பக்குவப்பட்டவன் என்று அது சொல்லும். தன் கல்லில் எந்த மேட்டைச் செதுக்க வேண்டும் என்று அது சொல்லாது. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூலும், எல்லா மனிதருக்கும் பொதுவான அறநெறியில் நின்றால் போதும், மற்ற நம்பிக்கைகள் அவரவர் பாடு என்று விட்டுவிட்டது.

சபையின் நிலைகளில் உச்சமான மூன்றாம் நிலைக்குரிய பலகையில் இருப்பது சவப்பெட்டி. அதோடு சேர்ந்த கதையில், சாலமோன் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் ரகசியச் சொல்லை விட்டுக்கொடுக்காமல் கொலையுண்கிறார். அவரோடு அதுவும் தொலைகிறது. உச்சப் படி ஏறிவிட்டேன் என்று வந்து நிற்பவருக்குச் சபை தருவது மாற்றுச் சொல் ஒன்றைத்தான். அசல் கிடைக்கும்வரை இதை வைத்துக்கொள் என்கிறது. தேடுவது அவர் பொறுப்பு.