மலையகத் தேயிலைத் தோட்டங்களின் நிழல் மரங்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா வட்டாரங்களில் தேயிலையின் ஊடே வளர்க்கப்படும் மரங்களை நிழல் மரங்கள் என்கிறார்கள். சவுக்கு, டடாப், கிளிரிசிடியா, அல்பிசியா, வாட்டில் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. விறகுக்காக வளர்க்கும் யூக்கலிப்டஸ், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பின்புறத்தில் குடும்பங்கள் வைத்து வளர்க்கும் பழமரங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலையகத்து மரங்களின் கதை முழுமையாகும். பெயர் நிழல் மரம் என்றாலும் நிழல் தருவது இவற்றின் வேலைகளில் ஒன்று மட்டுமே. மண்ணைப் பிடித்து வைப்பது, உரம் கொடுப்பது, காற்றைத் தடுப்பது, பலகையும் விறகும் ஆவது என்று மற்ற வேலைகள் ஏராளம்.

காடு போன வழி

இந்த மலைகள் முன்பு மழைக்காடுகளாக இருந்தன. 1840-இல் பிரித்தானிய அரசு கொண்டுவந்த சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கியது. அந்த நிலம் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு விற்கப்பட்டது. காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்த சாம்பலில் கோப்பி நட்டார்கள். 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி போன இடங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஆற்றுத் தலைப்புகளில் காடு அழிவதைக் கண்டு, 5,000 அடிக்கு மேல் காட்டை விற்கக் கூடாது என்று கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் 1873-இல் பரிந்துரைத்தார். சிவனொளிபாத மலைச் சரிவிலும் ஹோட்டன் சமவெளியிலும் இன்று எஞ்சியிருக்கும் காட்டுக்கு அந்தப் பரிந்துரைக்கும் பங்கு உண்டு.

மொட்டையான மலையில் தேயிலை மட்டும் நின்றபோது, வெயிலும் காற்றும் மண் அரிப்பும் சேர்ந்து தோட்டக்காரர்களுக்குப் பாடம் புகட்டின. வெட்டிய காட்டின் இடத்தில் வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடத் தொடங்கினார்கள்.

மரங்கள்

உயர் மலையில் முதலிடம் சவுக்குக்கு. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் சவுக்கு என்று சொல்லும் மரம் வேறு, மலையகத்துச் சவுக்கு வேறு. நீலகிரியில் இதே மரத்துக்குப் பெயர் சில்வர் ஓக். இலையின் மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளி. காற்றடிக்கும்போது மலை முழுவதும் நிறம் மாறும். வேர் ஆழமாக இறங்குவதால் தேயிலையோடு மேல்மண்ணில் அதிகம் போட்டியிடாது. ஆண்டு முழுவதும் இலை உதிர்க்கும். கொழுந்து எடுக்கும் நிரைகளுக்கு நடுவே காலடியில் பழுப்பு மெத்தையாகக் கிடப்பது இந்த இலைதான். அதை ஒரு கையால் விலக்கிப் பார்த்தால் கீழே மண் கறுத்து ஈரமாக இருக்கும், மண்புழு நெளியும். பத்தடி தள்ளி வெயில்பட்ட வெற்று மண்ணைத் தொட்டால் சிவந்து இறுகிக் கிடக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தவருக்கு நிழல் மரத்தின் பயனை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டடாப் முள்முருங்கை இனத்தைச் சேர்ந்தது. கொம்பை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். இதுவும் கிளிரிசிடியாவும் அல்பிசியாவும் வாட்டிலும் அவரைக் குடும்பத்து மரங்கள். வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குக் கொடுக்கிறது. வெட்டிப் போடும் கிளையும் இலையும் மக்கும்போது அது தேயிலைக்குச் சேர்கிறது. சவுக்கு உயர நின்று மெல்லிய நிழல் தரும். டடாப்பும் கிளிரிசிடியாவும் தாழ நின்று அடிக்கடி வெட்டுக் கொடுக்கும். இரண்டையும் கலந்து நடுவது நல்ல தோட்டத்தின் வழக்கம்.

வெட்டும் காலம்

எத்தனை மரம் என்பதைவிட எப்போது வெட்டுவது என்பதே பெரிய கேள்வி. அட்டன் பக்கம் தென்மேற்குப் பருவ மழை மே மாதக் கடைசியில் இறங்கும். அப்போது வாரக்கணக்கில் மூட்டமும் மழையும்தான். நிழல் அடர்ந்திருந்தால் கொழுந்து நனைந்தே நிற்கும், கொப்புள நோய் பரவும். இந்தப் பூஞ்சண நோய் 1946-இல் இலங்கைக்கு வந்தபோது, நிழலே எதிரி என்று பல மலைகளில் மரங்களைக் குறைத்தார்கள். செம்புக் கலவை மருந்து அடித்து நோயைக் கட்டுப்படுத்தக் கற்ற பிறகும், போன மரங்கள் எல்லாம் திரும்பவில்லை. அந்த அவசரத்தின் விலையை மண் நெடுங்காலம் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். மழைக்கு முன் கிளையைக் கழித்துவிட்டு, வெயில் காலத்துக்குள் மீண்டும் தழைக்க விடுவதே சரியான முறை.

தையிலும் மாசியிலும் நிலைமை தலைகீழ். வறண்ட காற்றும் கடும் வெயிலும் மலையின் மேற்குச் சரிவுகளைக் காயவைக்கும். நுவரெலியாவின் பள்ளங்களில் விடியற்காலையில் உறைபனி விழுந்து, காலை பத்து மணிக்குள் செடியின் மேல்தட்டு கருகிப் போகும். மரத்தின் கீழே உள்ள செடிகள் பெரும்பாலும் பச்சையாகவே தப்பும்.

மண்ணும் தண்ணீரும்

மகாவலியும் களனியும் இந்த மலைகளில் பிறக்கின்றன. இங்கே கழுவப்படும் மண் கீழே அணைகளில் வண்டலாகப் படிகிறது. தோட்டத்தில் கான் என்னும் வடிகால் வெட்டுவது, கல்லடுக்கு கட்டுவது எல்லாம் மண்ணைத் தடுக்கத்தான். ஆனால் செடி செத்து இடைவெளி விழுந்த விதைத் தேயிலை மலைகளில் அவை மட்டும் போதாது. மழை விட்டதும் கானில் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் மலையின் நிலை தெரியும். இலை மூடிய மலையிலிருந்து வரும் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருக்கும். வெற்று மலையிலிருந்து வருவது பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடும்.

1925-இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், பழைய செடியைப் பிடுங்கியதும் நேரே புதுச்செடி வைக்க வேண்டாம் என்கிறது. மானாப்புல் அல்லது கோத்தமாலாப் புல்லை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்பி மண்ணைத் தேற்றிய பிறகே நடவு. நிழல் மரத்தையும் தேயிலைக்கு முன்பாகவே வைத்துவிட வேண்டும். வருமானம் இல்லாத இந்த இரண்டு ஆண்டுகளைத் தாங்க முடியாமல்தான் பல இடங்களில் மறுநடவு தள்ளிப் போகிறது.

யூக்கலிப்டஸ் வேறு ரகம். தேயிலையை உலர்த்த விறகு வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் விறகு செலவாகும். அதனால் தேயிலை நிற்காத சரிவுகளிலெல்லாம் யூக்கலிப்டஸ் நட்டார்கள். வேகமாக வளரும், நேராக நிற்கும், நல்ல விலை போகும். ஆனால் தண்ணீரை நிறையக் குடிக்கும். லயத்துப் பெண்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலிக்கு மேலே, ஊற்றுக் கண்ணை ஒட்டி இதை நடுவது தவறு. ஊற்றைச் சுற்றி உள்நாட்டு மரங்களை விட்டு வைப்பதே முறை.

உரத்தின் கதை

2005-இல் இலங்கை அரசு கிளிரிசிடியாவைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அறிவித்தது. விறகு, மாட்டுத் தீனி, இலை உரம் மூன்றுக்கும் உதவும் மரம் இது. அட்டனுக்குக் கீழே கினிகத்தேன போன்ற தாழ்ந்த இடங்களில் மிளகுக் கொடி ஏற்றவும் பயன்படுகிறது. நுவரெலியாவின் குளிரில் இது தளர்ந்துபோகும். அங்கே டடாப்பும் வாட்டிலும்தான் கைகொடுக்கும்.

2021-இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையும் கைவிடப்பட்டது. ஆனால் அடி விழுந்துவிட்டது. 2021-இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. இரசாயன உரத்தைக் குறைப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் மரம் நட்டு, வெட்டிப் போட்டு, மண்ணில் மக்கு சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைக் கொடுக்காமல் ஒரே போகத்தில் மாறச் சொன்னது கொடுமை.

மரம் நடும் உரிமை

இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதியைத் தருவது இன்று சிறு நில உடைமையாளர்களே. அவர்களில் பெரும்பாலோர் இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் இருக்கிறார்கள். கண்டி வட்டாரத்துக் கிராமங்களில் பலா, தென்னை, கமுகு, மிளகு, கோப்பி, சாதிக்காய் அடுக்கடுக்காக நிற்கும் வீட்டுத்தோட்டம் உலகம் அறிந்த ஒன்று. ஆனால் அதே மலைகளில் ஐந்தாறு தலைமுறையாக மண்ணோடு வாழும் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு தோட்டம் அமையவில்லை. காரணம் வெளிப்படை: நிலம் அவர்களுடையது அல்ல.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், விட்டு வந்த அதே சவுக்கு மரத்தைச் சில்வர் ஓக் என்ற பெயரில் அங்கே கண்டார்கள். இங்கே எஞ்சியவர்களோ எப்போது பெயர் வரும், எப்போது கப்பல் என்று காத்திருந்தார்கள். சவுக்கு பலகைக்கு ஆக இருபத்தைந்து ஆண்டு வேண்டும். அந்த நிலையில் யார் மரம் வைப்பார்?

1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குப் போனது. குத்தகை 53 ஆண்டு. கம்பெனிக்கு 53 ஆண்டு உறுதி. தொழிலாளிக்கு லயத்துப் பின்சுவரை ஒட்டிய மரக்கறிப் பாத்திக்குக்கூட எழுத்து இல்லை. ஆனாலும் அந்தப் பாத்தியில் கரட், லீக்ஸ், போஞ்சி விளைகிறது. பந்தலில் சௌசௌ தொங்குகிறது. ஓரத்தில் மரத்தக்காளியும் கொய்யாவும் பேரியும் நிற்கின்றன. மாடு வைத்திருப்பவர்கள் பால் விற்கிறார்கள். மாட்டுக்குத் தீனி கோத்தமாலாப் புல்லும் டடாப் இலையும், சாணம் பாத்திக்கு. அடுப்புக்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு. மரமும் மாடும் பயிரும் ஒன்றையொன்று தாங்கும் விவசாயத்தை இவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவருகிறார்கள்.

அண்மைக் காலத்தில் சில கம்பெனிகள் தேயிலை நிலத்தைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்துள்ளன. தன் துண்டு என்ற எண்ணம் வந்ததும் உழைப்பு கூடுகிறது. ஆனால் துண்டில் நிற்கும் மரம் யாருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதை எழுத்தில் தீர்க்காதவரை யாரும் அங்கே புது மரம் வைக்கப்போவதில்லை.

புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 177 சதுர மீட்டர். வீடும் வாசலும் போக மீதியில் தேயிலைக்கு இடமில்லை. இருந்தாலும் அந்த வீடுகளின் பின்பக்கம் பார்த்தால், எல்லைக் கம்பிக்குப் பதிலாக ஊன்றிய டடாப் கொம்புகள் துளிர்த்து நிற்கும். மூலையில் ஆனைக்கொய்யாக் கன்று ஒன்று, ஆடு கடிக்காமல் பழைய சாக்கு சுற்றி.