மோசஸ் பாட்டியும் வியன்னா அகதியும்

சென்ற மாத ஒலிபரப்பில் மோசஸ் பாட்டியைப் பற்றி நான் பேசியதைக் கேட்ட அன்பர் ஒருவர், "கணக்காளருக்கு ஓவியத்தில் என்ன வேலை?" என்று தொலைபேசியில் கேட்டார். என்னை முதலில் இழுத்தது விலைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1938இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஹூசிக் ஃபோல்ஸ் என்ற சிற்றூரின் மருந்துக்கடையில் சில ஓவியங்கள் விற்பனைக்கு இருந்தன. சிறியது மூன்று டொலர், பெரியது ஐந்து டொலர். தற்செயலாக வந்த லூயிஸ் கால்டோர் என்ற சேகரிப்பாளர் அவற்றை வாங்கினார். வரைந்தவர் அன்னா மேரி ரொபேட்சன் மோசஸ், எண்பதை நெருங்கிய ஒரு பண்ணைப் பெண். அவர் 1943இல் வரைந்த ஓர் ஓவியம் 2006இல் பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது.

1860இல் பிறந்த அவர், பன்னிரண்டு வயதில் பிறர் வீட்டு வேலைக்குப் போனவர். 1887இல் திருமணம். வேர்ஜீனியாவில் பண்ணை செய்த காலத்தில் வெண்ணெய் கடைந்து விற்றார், உருளைக்கிழங்குப் பொரியலும் விற்றார். பெற்ற பத்துப் பிள்ளைகளில் ஐவர் குழந்தையிலேயே இறந்தனர். முதுமையில் கம்பளி நூலால் படங்கள் தைத்தார். மூட்டுவாதத்தால் ஊசி பிடிக்கக் கஷ்டமானபோது தூரிகையை எடுத்தார். ஊர்ச் சந்தையில் அவருடைய பழப்பாகுக்குப் பரிசு கிடைத்தது, படங்களுக்குக் கிடைக்கவில்லை!

முதலில் வானம், பிறகு மலை, மரம், வீடு, கால்நடை, கடைசியில் மனிதர். இதுதான் அவர் வரையும் ஒழுங்கு. மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சுவார்கள், நம்மூரில் பனங்கட்டி காய்ச்சுவதுபோல. பெண்கள் கூடியிருந்து போர்வை தைப்பார்கள். உழவு இயந்திரமும் தொலைபேசிக் கம்பமும் அவர் கண்முன்னே இருந்தன, படத்தில் இல்லை. தன் சிறுவயதுக் கிராமத்தையே அவர் வரைந்தார்.

அவருக்கு முதல் தனிக் கண்காட்சி வைத்தவர் யார் தெரியுமா? ஒட்டோ காலிர் என்ற யூதர். வியன்னாவில் 1923இல் ஓவியக்கூடம் தொடங்கியவர். 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைப் பிடித்ததும் பாரிசுக்கு ஓடி, 1939இல் நியூயோர்க் வந்தார். வியன்னாவின் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பெயரைப் பிரெஞ்சு மொழியில் தன் புதிய கூடத்துக்கு வைத்தார். 1940 ஒக்டோபரில் பாட்டியின் 34 படங்களை அங்கே தொங்கவிட்டார். ஊரை இழந்தவர் அந்தப் படங்களில் எதைக் கண்டிருப்பார் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் என் தொழில்புத்தி சும்மா இருக்கவில்லை. செத்த ஐந்து பிள்ளைகள் எங்கே? வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்த பேரேட்டில் நான் கையொப்பம் இடமாட்டேனே! பிறகுதான் 1952இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலைப் பற்றி அறிந்தேன். அதைத் தொகுத்தவரும் காலிர்தான். பிள்ளைகளின் சாவு அதில் பதிவாகியிருக்கிறது. அவர் எதையும் மறைக்கவில்லை, இரண்டு பேரேடு வைத்திருந்தார். 1961இல், 101ஆவது வயதில் காலமானார்.

என் அம்மாவுக்கும் எண்பது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்வது சூடு மிதிப்பும் கிணற்றடியும் தைப்பொங்கலும்தான். 1995இல் வலிகாமத்தைவிட்டு நடந்த இரவைச் சொல்வதில்லை. அந்த ஆண்டில் நாங்கள் இழந்த மாமாவின் பெயரையும் சொல்வதில்லை. "அம்மா, அதுமட்டுமே எங்கட ஊர்?" என்று நான் குறுக்கே பேசுவேன். இப்போது பேசுவதில்லை.

நிலையத்தின் ஒலிப்பதிவுக் கருவியை இரண்டு ஞாயிறு வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு பதிவிலும் சூடு மிதிப்புத்தான், மாடுகளின் பெயர் உட்பட. மாமாவைப் பற்றி நான் இன்னும் கேட்கவில்லை.