தஞ்சைக் கல்வெட்டும் உலோகப் படப்பெட்டியும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்து அடித்தளக் கல்வெட்டை 1858இல் படம் பிடித்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். நெகட்டிவ் மெழுகு தோய்த்த காகிதம். பெட்டியை நகர்த்தி நகர்த்தி எடுத்து ஒட்டிய 21 படங்களின் நீளம் சுமார் 19 அடி! அச்சாசனங்களை ஹூல்ட்ஷ் அச்சேற்றத் தொடங்கியதே 1891இல்தான்.

கல்லுக்கு இணையாக நெகட்டிவ் நிற்காவிட்டால் எழுத்து ஒரு பக்கம் சிறுத்துப்போகும். அக்காலப் பெட்டிகளோ மரம். மட்டாஞ்சேரி மழைக்காலத்தில் அலமாரிக் கதவே உப்பி மாட்டிக்கொள்கிறது, மரப்பெட்டி எம்மாத்திரம்? 1930களில் ஜெர்மனியின் லின்ஹோஃப் கொண்டுவந்த டெக்னிக்கா, உலோகத்தாலான மடக்குப் பெட்டி, ஈரத்துக்கு உப்பாது. லென்ஸை மட்டும் மேலே உயர்த்தலாம். பெட்டி அண்ணாந்து பார்க்காமலே கோபுர உச்சி படத்தில் விழும், கோபுரமும் சாயாது. சுமக்கிறவர் தோள்தான் பாவம்.

திருப்பணி என்று மணலைப் பீய்ச்சியதில் எழுத்து மழுங்கிய கோயில்கள் நம் நாட்டில் உண்டு. அப்புறம் படம்தான் சாட்சி. அதனால் ஊருக்குப் போகும் அன்பர்கள் கைபேசியையாவது கல்லுக்கு நேராகப் பிடியுங்கள். காலைச் சாய்வெயிலில், ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் வரும்படி எடுங்கள்.