மால்வா மேட்டுநிலத்தின் சோயா அவரை – கோதுமை வேளாண்மை

மால்வா மேட்டுநிலத்தின் சோயா அவரை – கோதுமை வேளாண்மை என்பது இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் இருபோகப் பயிர்முறை ஆகும். மழைக்காலத்தில் சோயா அவரையும் குளிர்காலத்தில் கோதுமையும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் பயிரிடப்படுகின்றன. இந்தூர், உச்சைன், தேவாசு, மந்தசௌர், இரத்லாம், சாசாப்பூர் ஆகிய மாவட்டங்கள் இதன் முதன்மை நிலப்பரப்பாகும். மத்தியப் பிரதேசமும் மகாராட்டிரமும் சேர்ந்து இந்தியாவின் சோயா அவரை விளைச்சலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தருகின்றன. கோதுமைக்கு அரசுக் கொள்முதல் உறுதியாக இருப்பதும், சோயா அவரையின் விலை உலகச் சந்தையைச் சார்ந்து ஏறி இறங்குவதும் இவ்வட்டார உழவர்களின் பொருளாதாரத்தைத் தீர்மானிக்கும் இரு காரணிகள் ஆகும்.

== நிலமும் பருவமும் ==

மால்வாவின் பெரும்பகுதி ஈரத்தை நெடுநாள் தேக்கிவைக்கும் கரிசல் மண் ஆகும். மழைக்காலத்தில் இம்மண் குழைந்து ஏர் இறங்க இடம் தராது. எனவே பழங்காலம் தொட்டு உழவர்கள் மழைக்காலத்தில் நிலத்தைத் தரிசாக விட்டு, தேங்கிய ஈரத்தைக் கொண்டு குளிர்காலத்தில் மானாவாரிக் கோதுமை, கொண்டைக்கடலை முதலியவற்றை விளைவித்தனர். ஆண்டுக்கு ஒரு போகமே கிடைத்தது.

சோயா அவரை இந்தத் தரிசுக் காலத்தை நிரப்பியது. சூன் இறுதியிலோ சூலைத் தொடக்கத்திலோ, ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழை பெய்த பின்னர், இது விதைக்கப்படுகிறது. வகையைப் பொறுத்து 90 முதல் 105 நாட்களில் முற்றி, செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் அறுவடையாகிறது. நவம்பரில் அதே நிலத்தில் கோதுமை விதைக்கப்பட்டு மார்ச்சு, ஏப்ரலில் அறுவடை செய்யப்படுகிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சோயா, வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துவதால் பின்வரும் கோதுமைக்கும் பயன் கிட்டுகிறது.

== வரலாறு ==

நடு இந்தியாவில் கருநிற விதை கொண்ட நாட்டுச் சோயா வகைகள் முன்பே சிறிதளவில் பயிரிடப்பட்டு வந்தன. வணிக அளவிலான வேளாண்மை 1960களில், பந்த்நகர், சபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்துடன் இணைந்து மேற்கொண்ட ஆய்வுகளின் வழியே தொடங்கியது. 1967இல் சோயா அவரைக்கான அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் உருவாக்கப்பட்டது. 1987இல் இந்தூரில் தேசிய சோயா அவரை ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

1970இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30 ஆயிரம் எக்டேரில் மட்டுமே பயிரான சோயா அவரை, பிற்காலத்தில் 1.2 கோடி எக்டேரைக் கடந்தது. இந்தூரைச் சூழ்ந்து எண்ணெய் பிழியும் ஆலைகள் பெருகியதும், 1986இல் தொடங்கப்பட்ட எண்ணெய்வித்துத் தொழில்நுட்பத் திட்டமும் இதற்குத் துணைசெய்தன. சபல்பூர் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜே.எஸ் 335 என்னும் வகை 1990களில் வெளியாகிப் பல மாநிலங்களுக்கும் பரவியது. 1990களின் நடுப்பகுதியில் சமையல் எண்ணெய் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதிலிருந்து, மால்வா உழவர் இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் பாமாயிலுடனும் அர்கெந்தீனா, பிரேசில் நாடுகளின் சோயா எண்ணெயுடனும் நேரடியாகப் போட்டியிட வேண்டியதாயிற்று.

== சிக்கல்கள் ==

=== குறைந்த விளைதிறன் ===

இந்தியாவில் சோயா அவரையின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் ஆகும். அமெரிக்காவிலும் பிரேசிலிலும் இது மூன்று டன்னுக்கு மேல் உள்ளது. இந்தியச் சாகுபடி பெரும்பாலும் மானாவாரி என்பதும், பயிர்க்காலம் குறுகியது என்பதும் முதன்மைக் காரணங்கள். அடுத்து கோதுமை விதைக்க வேண்டியிருப்பதால் உழவர்கள் குறுகிய கால வகைகளையே விரும்புகின்றனர். நீண்டகால வகைகளின் கூடுதல் விளைச்சலை இழக்கின்றனர்.

விதையும் ஒரு சிக்கலாகும். சோயா விதையின் தோல் மெல்லியது. கதிரடிக்கும் இயந்திரத்திலும் மூட்டைகளைத் தூக்கி எறிவதிலும் அது எளிதில் சிதைந்து முளைப்புத்திறன் குறைகிறது. சான்று விதைக்கு 70 விழுக்காடு முளைப்புத்திறன் போதும் என விதி இருப்பதே இதன் மென்மையைக் காட்டும். உழவர்கள் பலர் முந்தைய ஆண்டு விளைச்சலிலிருந்தே விதை எடுப்பதால், அறுவடையில் மழை பெய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு விதைத் தட்டுப்பாடு ஏற்படுகிறது.

=== பூச்சியும் நோயும் ===

ஒரே பயிர் பரந்த நிலப்பரப்பில் ஆண்டுதோறும் விதைக்கப்படுவதால் பூச்சிகளும் நோய்களும் நிலைபெற்றுவிட்டன. தண்டைச் சுற்றி வளையமாக வெட்டும் வண்டு, தண்டு ஈ, புகையிலைப் புழு ஆகியவை முதன்மையான பூச்சிகள். வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் தேமல் நச்சுயிரி நோய் இலைகளை மஞ்சளாக்கிக் காய்ப்பைக் குறைக்கிறது. நெடுங்காலம் பயிரிடப்பட்ட பழைய வகைகள் இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன.

=== மழை ===

தென்மேற்குப் பருவமழை தாமதித்தால் விதைப்பு தள்ளிப்போகிறது. இடையில் மூன்று வாரம் மழை நின்றால் பூப்பும் காய்ப்பும் குன்றுகின்றன. அறுவடைக் காலத்தில் மழை பெய்தால் மணிகள் காயிலேயே முளைவிட்டுக் கருக்கின்றன. 2019இல் மிகைமழையால் மத்தியப் பிரதேசத்தில் சோயா பெரிதும் பாதிக்கப்பட்டது. 2023 ஆகத்து, 1901 முதல் பதிவான ஆகத்து மாதங்களில் நாடளவில் மிகக் குறைந்த மழை பெய்த மாதமாக அமைந்தது. காய்க்கும் பருவத்தில் பயிர் வாடியது.

=== விலை ===

ஒரு டன் சோயா அவரையைப் பிழிந்தால் ஏறத்தாழ 180 கிலோகிராம் எண்ணெயும் 800 கிலோகிராமுக்கு மேல் பிண்ணாக்கும் கிடைக்கின்றன. ஆகவே கடலை, எள் போன்றவற்றைப் போலன்றி, சோயாவின் விலை எண்ணெயைவிடப் பிண்ணாக்கின் தேவையையே பெரிதும் சார்ந்துள்ளது. பிண்ணாக்கு கோழித் தீவனத்தின் முதன்மைப் புரதப் பொருளாகும். தமிழ்நாட்டின் நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளும் இதனை வாங்குகின்றன. தீவன விலை குறைய வேண்டும் என்னும் பண்ணையாளரின் நலனும், சோயா விலை உயர வேண்டும் என்னும் உழவரின் நலனும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

இம்முரண் 2021இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதியில் சோயா விலை குவிண்டாலுக்கு 10,000 ரூபாயைத் தாண்டியது. ஆகத்தில் மரபணு மாற்றப்பட்ட சோயாவின் பிண்ணாக்கு 12 இலட்சம் டன் இறக்குமதி செய்ய நடுவண் அரசு இசைவளித்தது. புதிய அறுவடை சந்தைக்கு வந்தபோது விலை பெரிதும் சரிந்திருந்தது. திசம்பரில் சோயா அவரையின் முன்பேர வணிகம் நிறுத்தப்பட்டது. இத்தடை பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

2024 செப்டம்பரில் கச்சா சோயா எண்ணெயின் அடிப்படை இறக்குமதி வரி சுழியிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எண்ணெய் விலை உயர்ந்தும், பிண்ணாக்கின் விலை மந்தமாக இருந்தமையால் மண்டிகளில் சோயா அவரை குறைந்தபட்ச ஆதரவு விலையான 4,892 ரூபாயைவிடக் குறைவாகவே விற்றது. 2025 மே மாத இறுதியில் அவ்வரி 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் மற்றொரு போட்டியும் எழுந்துள்ளது. பெட்ரோலில் கலப்பதற்கான எத்தனால் உற்பத்தியில் மக்காச்சோளமும் அரிசியும் பெருமளவில் பயன்படுவதால், வடித்தபின் எஞ்சும் புரதச் சக்கை மலிவான தீவனமாகச் சந்தைக்கு வருகிறது. இது சோயாப் பிண்ணாக்கின் தேவையைக் குறைக்கிறது. அதே வேளையில் மக்காச்சோளத்தின் விலை உயர்ந்ததால் உழவர்கள் சிலர் சோயாவை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறுகின்றனர்.

== கோதுமையின் நிலை ==

கோதுமை பொது வழங்கல் முறைக்காக அரசால் நேரடியாகக் கொள்முதல் செய்யப்படுகிறது. 2020இல் கோதுமைக் கொள்முதலில் மத்தியப் பிரதேசம் பஞ்சாபை முந்தி முதலிடம் பெற்றது. 2025இல் நடுவண் அரசு அறிவித்த 2,425 ரூபாயுடன் மாநில அரசு 175 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,600 ரூபாய் வழங்கியது. இதனால் உழவர்கள் சோயாவில் ஏற்படும் இழப்பைக் கோதுமையில் ஈடுசெய்கின்றனர்.

எனினும் இதற்கும் எல்லைகள் உண்டு. பாசனக் கோதுமைக்கு ஆழ்துளைக் கிணறுகளே பெரிதும் பயன்படுவதால் மால்வாவின் நிலத்தடி நீர் குறைந்து வருகிறது. 2014இல் நருமதை ஆற்று நீரைச் சிப்ரா ஆற்றுக்குக் கொணரும் இணைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2022 மார்ச்சு, ஏப்ரலில் வீசிய வெப்ப அலையால் நாட்டின் கோதுமை விளைச்சல் குறைய, மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. உயர்ந்திருந்த உலக விலையின் பயன் உழவரை அடையவில்லை.

== அரசின் நடவடிக்கைகள் ==

2017 சூனில் விளைபொருள் விலை, கடன் தள்ளுபடி ஆகியவற்றுக்காக மந்தசௌரில் நடந்த உழவர் போராட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் உழவர்கள் உயிரிழந்தனர். அவ்வாண்டே மாநில அரசு பாவந்தர் என்னும் விலை வேறுபாட்டு ஈட்டுத் திட்டத்தைச் சோயா உள்ளிட்ட எட்டுப் பயிர்களுக்குக் கொண்டுவந்தது. உழவர் மண்டியில் விற்ற பின்னர், ஆதரவு விலைக்கும் சராசரிச் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசு வழங்குவது இதன் நடைமுறை. அரசுக்குச் சேமிப்புச் செலவு இல்லை என்பது இதன் நன்மை. அரசு ஈடுகட்டும் என அறிந்த வணிகர்கள் விலையைக் குறைத்துக் கேட்டனர் என்பதும், சராசரியைவிடக் குறைந்த விலைக்கு விற்றவருக்கு முழு ஈடும் கிட்டவில்லை என்பதும் இதன்மீதான குறைகூறல்கள். 2025இல் சோயா அவரைக்கு இத்திட்டம் மீண்டும் செயற்படுத்தப்பட்டது.

2024இல் குவிண்டாலுக்கு 6,000 ரூபாய் கோரி மாநிலத்தில் போராட்டங்கள் நடந்ததை அடுத்து, ஆதரவு விலையில் நேரடிக் கொள்முதல் மேற்கொள்ளப்பட்டது. மணியின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்னும் விதியால் பலரின் விளைச்சல் ஏற்கப்படவில்லை. அவ்வரம்பு பின்னர் அப்பருவத்துக்கு 15 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. 2025–26 பருவத்துக்கான ஆதரவு விலை 5,328 ரூபாய் ஆகும்.

== வாய்ப்புகள் ==

* '''உள்நாட்டுத் தேவை:''' இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற தேசிய எண்ணெய்வித்து இயக்கம், 10,103 கோடி ரூபாய் செலவில், எண்ணெய்வித்து விளைச்சலை 2030–31க்குள் 6.97 கோடி டன்னாக உயர்த்த இலக்கு கொண்டுள்ளது.
* '''மரபணு மாற்றப்படாத பயிர்:''' இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட சோயாவைப் பயிரிட இசைவு இல்லை. இதனால் இந்தியப் பிண்ணாக்கை விரும்பி வாங்கும் வெளிநாட்டுச் சந்தைகள் உள்ளன. எனினும் அர்கெந்தீனா, பிரேசில் நாடுகளின் விலையுடனான இடைவெளி மிகும்போது ஏற்றுமதி குறைகிறது.
* '''சாகுபடி முறை:''' அகன்ற பாத்தியும் வாய்க்காலும் அமைத்து விதைக்கும் முறையில் மிகைமழை வடிந்துவிடுகிறது. மழை நின்ற காலத்தில் ஈரம் தங்குகிறது. புதிய இயந்திரத்துக்குப் பெருஞ்செலவின்றி விதைப்புக் கருவியை மாற்றியமைத்தும் இதனைச் செய்யலாம்.
* '''உணவுப் பயன்பாடு:''' மீல் மேக்கர், சோயாப் பால், சோயா மாவு ஆகியவற்றுக்கான சந்தை வளர்ந்து வருகிறது. சமைக்காத சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பான் செரிமானத்தைத் தடை செய்வதால் அதனைச் சூடேற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். அதிலுள்ள குனிட்சு தடுப்பான் நீக்கப்பட்ட என்.ஆர்.சி 127 என்னும் வகை இந்தூரில் உருவாக்கப்பட்டுள்ளது.
* '''தரக் கோதுமை:''' செகோர் வட்டாரத்தில் விளையும் சர்பத்தி கோதுமைக்குப் புவிசார் குறியீடு 2023இல் வழங்கப்பட்டது. மால்வாவில் விளையும் கெட்டிக் கோதுமை ரவை, பாஸ்தா ஆகியவற்றுக்கு ஏற்றது. இவை பொதுக் கொள்முதலைவிடக் கூடுதல் விலைக்கு விற்க வாய்ப்புள்ளவை.
* '''சந்தைத் தகவல்:''' 2000இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பட்ட ஐ.டி.சி நிறுவனத்தின் இ-சௌபால் திட்டம், ஊரிலுள்ள கணினி வழியாகச் சோயா விலையை முன்னரே அறிவித்தது. 2016இல் தேசிய மின்னணு வேளாண் சந்தை தொடங்கப்பட்டது. விற்கும் முன்னரே விலையை அறிவது உழவரின் பேரம்பேசும் வலிமையைக் கூட்டுகிறது. எனினும் விளைந்ததைச் சில வாரங்கள் சேமித்து வைக்கக் கிடங்கும், அதுவரை கடன் தவணையைத் தாங்கும் வசதியும் இல்லாதவர்க்கு அத்தகவல் மட்டும் போதுவதில்லை.

== இவற்றையும் பார்க்கவும் ==

* சோயா அவரை
* கோதுமை
* மால்வா
* குறைந்தபட்ச ஆதரவு விலை
* பயிர்ச் சுழற்சி