தாம்பரம் சானடோரியம்: காற்றும் மாத்திரையும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்வண்டியில் நாள்தோறும் பயணம் செய்வோருக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ என்பது ஒரு நிலையத்தின் பெயர் மட்டுமே. அப்பெயருக்குள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் மருத்துவ வரலாறு அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் காசநோய் இல்லம் நடத்திப் பழகிய டாக்டர் சவுரிமுத்து, 1928இல் இங்கு ஒரு சானடோரியத்தை நிறுவினார். அந்நாளில் காசத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. திறந்தவெளிக் காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியனவே சிகிச்சை. 1937இல் அரசு அதனை ஏற்றது.

பின்னர் மருந்து வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. நெரிசலான வீட்டில், குறைந்த உணவுடன் ஐசோனியசிட், பாஸ் ஆகிய மருந்துகளை உண்டவர்களும் சானடோரியத்தில் தங்கி உண்டவர்களும் ஏறத்தாழ ஒரேபோல் குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது.

ஆயினும் தாம்பரத்தின் கதை முடியவில்லை. 1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தனர். பிற இடங்களில் தயக்கம் நிலவிய 1990களில் அந்நோயாளிகளுக்குப் புகலிடமானது இம்மருத்துவமனை. 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டுமருந்து தொடங்கப்பெற்ற முதல் மையங்களுள் இதுவும் ஒன்று.

இரு நோய்களும் இங்கே சந்தித்தது தற்செயலன்று. உடலில் உறங்கும் காசக்கிருமியை நோயெதிர்ப்பு ஆற்றலே அடக்கி வைத்திருக்கிறது, எச்.ஐ.வி. அக்காவலைத் தளர்த்திவிடுகிறது. அவ்வாறு வரும் காசம் சளிப் பரிசோதனையிலும் பல வேளைகளில் தப்பிவிடும். எனவே ஒவ்வொரு வருகையின்போதும் நான்கு கேள்விகள் கேட்கப்பெறுகின்றன: இருமல் உண்டா? காய்ச்சல்? எடை குறைந்ததா? இரவில் வியர்க்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ எனினும் பரிசோதனை. நான்கும் ‘இல்லை’ எனில், தடைகள் இல்லாதோருக்கு, ஆறு மாதம் ஐசோனியசிட். சானடோரியங்களை ஓய்வுபெறச் செய்த அதே மாத்திரைதான் இன்று நோய் வருமுன் காக்கிறது.

சவுரிமுத்துவின் காற்றும் வேறு வடிவில் மீண்டிருக்கிறது. காற்று காசத்தைத் தீர்க்கவில்லை. ஆனால் இருமுவோரும் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் ஒரே கூடத்தில் காத்திருக்கையில், திறந்த சன்னல் தொற்றைக் குறைக்கிறது.

எஞ்சியிருப்பது கூச்சம். காசத்தை மறைத்த காலம் போய், எச்.ஐ.வி.யை மறைக்கும் காலம் வந்தது. அந்த நான்கு கேள்விகளுக்கு ஒருவர் அஞ்சாமல் விடை கூறும் சூழலை மருத்துவமனை மட்டும் உருவாக்கிவிட முடியாது. அது நம் தெருக்களிலும் இல்லங்களிலும் உருவாக வேண்டியது.